தவறான ரீடிங்

மின்வாரிய ஆபீசில் பத்தொன்பது வருஷம்.
என் தலைக்குமேல் டியூப்லைட்டின் சோக்கு
இரைவது எனக்கு மட்டும் கேட்கும்.
ரெஜினாவிடம் ஒருமுறை சொன்னேன்.
அண்ணாந்து காது கொடுத்துவிட்டு
"ஒண்ணும் இல்லயேடி" என்றாள்.
அதற்கப்புறம் யாரிடமும் சொல்லவில்லை.

கே.கே. நகர் மாடியில் டாக்டர் அஃப்ரின்,
என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள்.
"சின்னப் பிள்ளையில நீங்க எப்படின்னு
சொல்றதுக்கு யாராச்சும் இருக்காங்களா?"
அம்மா இல்லை. அப்பாவுக்கோ
என் பெயரே சில நாள்தான் ஞாபகம்.
அஞ்சாம் வகுப்பு ரேங்க் கார்டை எடுத்துப் போனேன்.
டீச்சரின் பச்சை மை:
கணக்கில் கெட்டி. யாரோடும் சேர்வதில்லை.
டாக்டர் அதை இரண்டு முறை படித்தாள்.

பிறகு இதையும் சொன்னேன்.
ஏழு வயசு. அழகர் ஆற்றில் இறங்கிய காலை.
பீய்ச்சுகிற தண்ணீர், வேட்டு,
யார் யாருடைய ஈரத் தோள்களோ என் முகத்தில்.
மாமா கையை உதறிவிட்டு ஓடி
பாலத்தடியில் கிடந்த சிமெண்டுக் குழாய்க்குள்
காதைப் பொத்தி உட்கார்ந்துவிட்டேன்.
உள்ளே பதினாறு வளையம்.
எண்ணி முடிக்க முடிக்க
மறுபடி ஒன்றிலிருந்து.
சாயங்காலம்தான் கண்டுபிடித்தார்கள்.
பயந்த கோளாறு என்று
பாண்டி கோயிலில் கயிறு கட்டினார்கள்.
கயிறு உறுத்தியது, அறுத்துப் போட்டேன்.
அதுவும் கோளாறில் சேர்ந்தது.

பதினோரு பக்கம் ரிப்போர்ட்.
கடைசிப் பக்கத்தில் ஆட்டிசம் என்று இருக்கிறது,
என் இன்ஷியல் தப்பாக இருக்கிறது.
முதலில் இன்ஷியலைத்தான் பார்த்தேன்.

திமிர் பிடிச்சவ, கல்லுளிமங்கி,
மதுரையில் பிறந்து மல்லிகை வைக்காதவ...
இத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் எனக்கு.

ரீடிங் தப்பாக எடுத்துவிட்டால்
எங்கள் ஆபீசில் ஒரு வழி உண்டு.
எழுதிக் கொடுத்தால் போதும்.
கூடுதலாகக் கட்டியதை
அடுத்தடுத்த பில்லில் கழித்துவிடுவோம்.
நானே எத்தனையோ பேருக்குக் கழித்திருக்கிறேன்.
என்னுடையதை எந்தக் கவுண்டரில் கொடுக்க?
கல்யாண வீடுகளில் வலிக்க வலிக்கச் சிரித்ததை,
"சாப்டீங்களா" என்பது
சாப்பாட்டைப் பற்றிய கேள்வி இல்லை என்று
வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்ததை,
பேச வேண்டியதை பஸ்ஸில் ஒத்திகை பார்த்து
இறங்கியதும் மறந்துபோய்
ஊமையாய் நின்றதை.
நாற்பத்து மூன்று வருஷப் பாக்கி.
நிம்மதியா என்று கேட்கிறாள் டாக்டர்.
கோபம் என்று சொல்ல
அரை மணி நேரம் ஆனது எனக்கு.

முத்திருளன் ராத்திரி கண்ணாடி போட்டுக்கொண்டு
பதினோரு பக்கத்தையும் படித்தார்.
டிக்ஷனரியை இரண்டு தடவை எடுத்தார்.
ஃபேனை ஒன்றில் வைத்தார்,
எனக்கு அந்தச் சத்தம்தான் தேவலை என்று
எப்போது கவனித்தாரோ.
ரொம்ப நேரம் கழித்துக் கேட்டார்:
"அப்ப... என்னயப் பிடிக்காம இல்லயா நீ?"

பத்தொன்பது வருஷமும்
அப்படியா நினைத்துக்கொண்டு இருந்தீர்கள்?

"பிடிக்கும்" என்றேன்
காலண்டரைப் பார்த்து.
என் முகத்தைத் திருப்பவில்லை அவர்.
அவரும் காலண்டரைப் பார்த்தார்.
அன்றைக்குக் கரிநாள் என்று போட்டிருந்தது.

காலையில் பஸ் ஸ்டாப்பில் ஒச்சம்மாக்கா,
தினமும் கேட்பதுபோல், "பூ வேணாமா?"
தினமும் அலர்ஜி என்பேன்.
இன்றைக்கு, "அந்த வாசம் எனக்குத் தாங்காதுக்கா."
"எனக்கு மட்டும் தாங்குதாக்கும்.
விடிய விடிய மண்டையிடி.
பொழப்பு, என்ன செய்ய" என்று
ஈரத்துணியை உதறி மூடினாள் கூடையை.

பெரியார் போகும் பஸ் வந்தது. படியில் தொங்கினார்கள்.
எல்லோரும் ஏறினால் நானும் ஏறுவேன், அதுதான் வழக்கம்.
ஏறவில்லை.
அடுத்ததிலும் ஏறவில்லை.
ரெஜினாவுக்கு லேட்டாகும் என்று மெசேஜ் போட்டேன்,
காரணம் எழுதவில்லை.
மூன்றாவதில் ஜன்னல் சீட்டு இருந்தது.