வக்ரம்

சனி பின்னுக்கு நடக்கிறாருங்க,
கார்த்திகை பத்து தாண்டட்டும் என்றார்
வைகுந்தம் சோசியர்.
அதுவரை புது டயர் வேண்டாம்,
எதிலும் கையெழுத்து வேண்டாம்.
அர்த்தநாரி தலையாட்டினார்.
தவணை நோட்டு என்னிடம் இருக்கிறது,
நான் ஆட்டவில்லை.

ஃபைனான்ஸ் பையனிடமும்
வக்ரத்தைச் சொல்லிப் பார்த்தார்.
"அது சனிக்குத்தானுங்க,
அஞ்சாந்தேதிக்கு இல்லீங்களே."

சங்ககிரியில் சிமெண்ட் ஏற்றி
அதே வழுக்கை டயரோடு கிளம்பினோம்.
கிளீனர் வரவில்லை, நான் ஏறிக்கொண்டேன்.
குமாரபாளையம் தாண்டி
ஒரு ட்ரெய்லரை முந்தும்போது
அதன் மஞ்சள் விளக்குகள் ஒவ்வொன்றாய்
என் ஜன்னலில் பின்னால் நழுவின,
வண்டியே பின்னுக்குப் போகிற மாதிரி.
போகவில்லை.
அதுவும் மேற்கேதான்,
பல்லடம் பக்கம் எங்கோ
ஒரு காற்றாலை இறக்கையைச் சுமந்து
முக்கி முக்கி.

மந்தன் என்று அவருக்கொரு பேர் உண்டு.
லோடு அதிகமாயிருக்கும்.

"ஆரன் அடிக்காதீங்க" என்றேன்,
"அவருக்கும் ஒரு அஞ்சாந்தேதி இருக்கும்."

"யாருக்கு?" என்றார் அர்த்தநாரி,
கண்ணாடியில் பார்த்தபடி.
பவானிப் பாலம் வந்துவிட்டது.
சில்லறை எடுத்து
ஆற்றில் வீசினார்,
எதற்கும் இருக்கட்டும் என்று.