சீட்டு எண் 1000003

ஊத்தான் மெலிந்தாங் ஆலை வாசலில்
எடைப்பாலத்தை ஒட்டிய கண்ணாடிக் கூண்டு என்னுடையது.
லோரி ஏறும். பாலம் ஒரு விரற்கடை அமுங்கும்.
செம்பனைக் குலைகளின் கனம்
திரையில் சிவப்பாகத் துடித்து நிற்கும்.
பொத்தானை அழுத்தினால் சீட்டு.

பத்து லட்சமாவது சீட்டுக்கு
மேனேஜர் ஹஸ்புல்லா ரிப்பன் கட்டச் சொன்னார்.
எனக்கு அந்த எண்மேல் மரியாதை இல்லை.
இரண்டும் ஐந்தும் ஆறாறு தடவை கடித்தால் தீர்ந்தது.
நான் காத்திருந்தது
அதற்கு மூன்று லோரி தள்ளி.

மழைமாத இரவு ஷிப்டுகளில்
ரத்தான சீட்டுகளின் முதுகில் வகுத்துப் பார்த்திருந்தேன்.
ஆயிரத்துக்குள் நூற்று அறுபத்தெட்டு பகா எண்கள்,
இரவுக்கு நான்கு, நாற்பத்திரண்டு இரவு.
ஏழுக்கு மீதி நான்கு.
பதினொன்றுக்கும் நான்கு, பதின்மூன்றுக்கும் நான்கு,
சொல்லிவைத்தாற்போல்.

இருபதாம் இரவு
401 மீதியே இல்லாமல் போனது.
பேனாவை மூடிவிட்டு
விடியும்வரை வெறும் எடைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மறுநாள் சரிபார்த்தால்
ஓரிடத்தில் கடன் வாங்கியதை மறந்திருக்கிறேன்.
மீதி முந்நூற்றுப் பத்து.
கடன் கணக்குப் பார்த்து நான் சிரித்தது
அன்றைக்கு மட்டும்தான்.

கடைசியாக 997.
மீதி பன்னிரண்டு.
அவ்வளவுதான், யாராலும் வகுபடாது.

இத்தனை நாற்றுப்பைகள் வந்திறங்கினால்
செவ்வகமாக அடுக்க வழியில்லை.
ஒற்றை வரிசைதான், மலாக்கா வரைக்கும்.
இரண்டு சதுரப் பாத்திகளாகப் பிரிக்கலாமா?
நான்கால் வகுத்தால் மூன்று மிஞ்சும் பகா எண்ணுக்கு
அந்தக் கொடுப்பினையும் கிடையாது.
மூன்று சதுரம் என்றால் அமைகிறது:
பக்கத்துக்கு 45,
பக்கத்துக்கு 63,
பெரிய பாத்தி, பக்கத்துக்கு 997.
வகுக்க வந்து தோற்ற அதே 997
உள்ளே வேலியாக நிற்கிறது.

அன்றைக்கு ரிப்பன் வெட்டினார்கள்.
கரிபாப், சிவப்பு சிரப், ஒரு படம்.
அடுத்த சீட்டு வெளிப்பார்வைக்குக் கெட்டி,
உள்ளே நூற்றொன்றில் விரிசல்.
அதற்கடுத்தது இரட்டை, பேச ஒன்றுமில்லை.

மூன்றே முக்காலுக்கு, மழையோடு, ஜம்ரியின் லோரி.
நிகர எடை ஒன்பது டன் நானூற்று எழுபது கிலோ.
பொத்தானை அழுத்திவிட்டு
சீட்டைக் கிழிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.
"மெஷின் ரோசாக்கா?" என்று கேட்டான்.
இல்லை என்றேன்.

துளைக்கோட்டில் மூன்றாகக் கிழித்தேன்.
வெள்ளை அவனுக்கு, ரோஸ் ஆபீசுக்கு,
மஞ்சள் கோப்புக்கு.
மூன்றிலும் எண் முழுசாக இருந்தது.
அவன் வெள்ளைத் தாளைச் சுருட்டி
கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்தான்.
பாலம் ஒரு விரற்கடை எழுந்தது.

அடுத்த பகா எண் முப்பது லோரி தள்ளி.
அதற்குள் ஷிப்டு மாறிவிடும்.
சுலைஹா வருவாள், ஈரக் குடையை
என் நாற்காலியில் மாட்டுவாள்,
போனைப் பார்த்துக்கொண்டே
பொத்தானை அழுத்துவாள்.