டிம்மில்தான் போட்டிருந்தேன்

சத்தியமாக டிம்மில்தான் போட்டிருந்தேன்.
டோர்மட் நம்பினான்.
அதுதான் பிரச்சினையே என்றான்.

லூயிஸ் தீவின் நவம்பரில்
நாலு மணிக்கு முன்பே சூரியன் கடையைச் சாத்திவிடும்.
ஸ்டோர்னோவேயில் முதல் ரொட்டி வெந்து இறங்கும்போது
விடிய இன்னும் ஐந்து மணி நேரம்.
யூயிக் வரைக்கும் முப்பத்துச் சொச்சம் மைல்,
பாதி வழி ஒற்றை வண்டித் தடம்,
இருபுறமும் ஆளை விழுங்கும் கருஞ்சதுப்பு.
என் வேனுக்குப் பதினான்கு வயது,
இரண்டு கண்ணிலும் புரை.
சாலையில் படுத்திருக்கும் ஆடுகளை
ஏறத்தாழ வாசனையால்தான் தவிர்த்துக்கொண்டிருந்தேன்.

வாங்கிவிட்டேன்.
தபாலில் வந்தன, இருபத்தேழு பவுண்டு,
முதுகில் குட்டி விசிறி வைத்த
எல்.இ.டி. பல்புகள் இரண்டு.
பெட்டி முழுக்க மின்னல் படம்.
அடியில் எறும்பு ஊர்ந்ததுபோல் ஒரு வரி:
பொதுச்சாலைக்கு அல்ல.
எறும்பைத் தட்டிவிட்டுப் பொருத்தினேன்.

அடடா, அந்த முதல் இரவு!
மானின் இமைமயிரை எண்ணலாம்.
தார் ஒட்டுப்போட்ட இடமெல்லாம் பெயர் சொல்லி அழைத்தது.
ரொட்டித் தட்டுகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு
நான் ஒரு பகலையே ஓட்டிப்போனேன்.
எதிரே வந்தவர்கள் பளிச் பளிச்சென்று அடித்தார்கள்.
வணக்கம் போலும் என்று
நானும் அடித்தேன்.

மூன்றாம் வாரம்
காலி ரொட்டிப் பெட்டிக்குள் ஒரு சீட்டு:
"உன் ரொட்டி நன்று. உன் விளக்கு கொடிது.
செவ்வாய்க்கிழமை வழிவிடும் மேட்டில் நின்று
என் கண் திரும்பி வரக் காத்திருந்தேன்.
அதற்குள் ஒரு சக்கரம் சேற்றில்.
எஃபி, சிப்பிக்கு மூழ்குகிறவள்.
பி.கு: கலங்கிய தண்ணீரில் டார்ச்சை உயர்த்தினால்
டார்ச்சைத்தான் பார்ப்பாய்."

எனக்குக் கோபம்.
எனக்குத் தெரிகிறதே, அவளுக்கென்ன?
வியாழன் மூடுபனி இறங்கியது.
கண்ணாடிக்கு வெளியே ஒரு வெள்ளைச் சுவர்,
நான் எங்கு திரும்பினாலும் கூடவே திரும்பியது.
ஒன்பது மைல் வேகத்தில் வீடு வந்தேன்,
எஃபியைத் திட்டிக்கொண்டே.

ஆண்டுச் சோதனைக்கு டோர்மட்டின் கராஜ்.
தண்டவாளத்தில் ஒரு பெட்டியை உருட்டி வந்து
வேனின் கண்ணெதிரே நிறுத்தினான்.
உள்ளே சின்னத் திரை.
"வலப்பக்கம் மட்டமாக ஒரு கோடு விழணும்,
இடப்பக்கம் கொஞ்சம் ஏறணும்,
ஓரமாக நடக்கிறவனுக்காக. இப்போ பார்."
பார்த்தேன்.
கால் இடறிக் கொட்டிய பால்.
அந்தக் கிண்ணம் ஒரு மெல்லிய இழைக்காகச் செய்தது;
வேறொன்றைக் கொண்டுபோய் உட்கார்த்தினால்
வெளிச்சம் வரப்பு மீறும்.
ஃபெயில் என்று எழுதினான், அழகான கையெழுத்தில்.

"அப்போ இருட்டிலேயே போகவா?"
அவன் மீட்டரை வைத்தான்.
பன்னிரண்டுக்கு மேல் வர வேண்டிய வோல்ட்
பத்தரையில் மூச்சுத் திணறியது.
எர்த் கம்பியில் பாசிபோல் பச்சைக் களிம்பு.
அதைச் சுரண்டினான்.
என் கையில் ஈர உப்புத்தாள் கொடுத்தான்.
நாற்பது நிமிடம் தேய்த்தேன்,
மஞ்சளாய் வழிந்தது பதினான்கு வருடம்.
பிறகு புது ஹாலஜன் பல்பு,
அதே அறுபது, ஐம்பத்தைந்து வாட்,
அடியில் வட்டத்துக்குள் ஓர் எழுத்தும் எண்ணும்.
"கொஞ்சம் வெள்ளை, கொஞ்சம் தூரம், சீக்கிரம் சாகும்.
கண்ணாடியை விரலால் தொடாதே."
திருகை அரைச்சுற்று இறக்கினான்.
திரையில் கோடு விழுந்தது.

பொய் சொல்ல மாட்டேன்.
அந்தப் பகலை இன்னும் தேடுகிறேன்.
இந்த வெளிச்சம் தேநீர் நிறம்,
மானுக்கு இமைமயிர் இல்லை,
மான் மட்டும் இருக்கிறது, சரியான நேரத்தில்.
எல்.இ.டி. இரண்டும் கோழிக்கூட்டில், பழைய பேட்டரியோடு.
கோழிகள் சீட்டு எழுதுவதில்லை.

இன்று காலை எதிரே எஃபியின் பிக்கப்.
வழிவிடும் மேட்டில் ஒதுங்கினேன்.
அவள் கடந்தபோது
ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரல் உயர்ந்தது.
எந்த விரல் என்று
இந்த முறை நன்றாகப் பார்த்தேன்.