சிவப்புச் சில்லு

மார்ச் பில்லில் அறுபத்தெட்டு அலகு.
பெப்ரவரியில் பதினாலு.
காகிதத்தைத் திருப்பிப் பார்த்தேன்,
பின்பக்கம் வேறு யாருடைய பெயராவது இருக்குமென்று.
தண்ணீரைச் சிக்கனமாகப் பாவிக்கும்படி
மூன்று மொழியில் இருந்தது.

மீட்டர் பார்க்க வரும் லசந்த
எங்கள் நாய்க்குப் பயந்து கேற்றுக்கு வெளியே நின்று
"அக்கே, மீட்டர் பொய் சொல்றது இல்ல" என்றான்.

கொழும்பிலிருந்து சகாயம்:
"டேங்கியைத் திறந்துவிட்டுத் தூங்கினியா?"
ரெண்டு பிள்ளையும் நானும் இவ்வளவு பாவித்திருந்தால்
வீடு இந்நேரம் மிதந்து எல்ல பக்கம் போயிருக்கும் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
கடையில் அவருக்குத் தரும் சம்பளத்தில் அது கால்வாசி.

இரவு பத்து மணிக்கு எல்லாவற்றையும் மூடினேன்.
குசினி, குளியலறை, உடுப்புத் துவைக்கும் கல்லடி,
கொமட்டுக்குப் பின்னால் இருக்கும் குட்டி வால்வு கூட.
டோர்ச்சோடு முப்பத்தொரு படி இறங்கினேன்
வெலிமடை வீதியோரம், மீட்டர்ப் பெட்டிக்கு.
மூடியைத் தூக்க ஒரு மரவட்டை சுருண்டது.
கண்ணாடியில் படிந்த பனியை
ஸ்வெட்டர் கையால் துடைத்தேன்.

உள்ளே நகக்கண் அளவு சிவப்புச் சில்லு
சுற்றிக்கொண்டிருந்தது,
அவசரமே இல்லாமல்.
மேலே வீடு முழுக்க வாய்மூடிக் கிடக்க
யாரோ குடித்துக்கொண்டே இருந்தார்கள்.

மூன்று நாள் குசுமாவதி அக்காவைச் சந்தேகப்பட்டேன்.
இந்த வரட்சியில் அவர் வீட்டு ரோசா மட்டும் எப்படி?
மதிலால் எட்டிப் பார்த்ததைப் பார்த்துவிட்டார்.
ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்
தன் பில்லைக் கொண்டுவந்து காட்டினார்.
பன்னிரண்டு.

பைப்காரர் ரமீஸ் வந்தார்.
ஸ்க்ரூ டிரைவரின் முனையைக் குழாயில் ஊன்றி
பிடியைக் காதில் வைத்து,
பக்கத்து வீட்டுச் சண்டையைக் கேட்பவர் போல
கண்ணை மூடிக்கொண்டு
ஒவ்வொரு படியாக ஏறினார்.
இருபத்திரண்டாம் படியில் நின்றார்.
"இந்த வல்லாரை யார் நட்டது?"

யாரும் நடவில்லை.
சரிவு முழுக்கப் புல் கருகிக் கிடந்தபோது
அது மட்டும் உள்ளங்கை அகலத்தில் விரிந்தது.
உனக்குக் கைராசி என்றார்கள், நானும் நம்பினேன்.
கிழமைக்கு ஐந்து கட்டு அறுத்தேன்.
குசுமாவதி அக்காவுக்குச் சம்பல் அரைக்கக் கொடுத்தேன்.

ரமீஸ் ஒரு முழம் தோண்டினார்.
பசை விட்ட மூட்டு.
ஊசிக்காதில் கோத்த நூல் மாதிரி தண்ணி
இழுபட்டுக்கொண்டிருந்தது.

நாலு கிழமை, இருபது கட்டு.
சந்தையில் எண்பது ரூபாய்க்கு வாங்கும் வல்லாரையை
நானூற்றைம்பது சொச்சத்துக்கு வளர்த்திருக்கிறேன்.
குசுமாவதி அக்கா மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.
அவ்வளவு விலைச் சம்பலை
தன் கலியாண வீட்டிலும் தின்றதில்லையாம்.

சபை அலுவலகத்தில் மூன்று தவணை தந்தார்கள்.
ரமீஸின் கணக்கு ஒரு பிஸ்கட் பெட்டி அட்டையில்.
அதையும் கோப்பில் வைத்தேன்.

நாலாம் நாள் வல்லாரை ஓரம் சுருண்டது.
அரிசி கழுவிய தண்ணியைக் கொண்டுபோய் ஊற்றினேன்.
பழகிய வாய், பாவம்.

இப்போதும் சில இரவு இறங்கிப் போகிறேன்.
சில்லு நிற்கிறது.
நேற்று, பார்த்துக்கொண்டிருக்கும்போதே
அரைச் சுற்றுச் சுற்றி
நின்றது.
மூத்தவன் இன்னும் தூங்கவில்லை.