காத்து எடுத்தல்

பிடியை அழுத்தினால் ஹேண்டிலைத் தொடுகிறது.
முன் பிரேக் என்று பெயர் மட்டும்.
"காத்து ஏறியிட்டுது" என்றாள் சுகிர்தமலர்,
கூடையில் ஒட்டியிருந்த அரளியிதழைத் தட்டிவிட்டு.

யப்பான் கொன்டெய்னரில் வந்த மலைச்சைக்கிள்.
விடிய நாலு மணிக்குக் கோட்டை வாசலால் நுழைந்து
கோணேசருக்குப் பூ ஏற்றுகிறது.
ஏறுவதற்குக் கியர் காணும்.
இறங்குவதற்குத்தான் என்னிடம் வந்திருக்கிறாள்.

"காத்தை எடுங்கோ அண்ணை.
அந்தக் கத்துறதை மட்டும் விட்டுவிடுங்கோ."
"எது?"
"பின் பிரேக். வளைவில கீச்செண்டும்.
மான் படுத்திருக்கும் றோட்டில.
அந்தச் சத்தத்துக்குத்தான் எழும்பும்."

கத்துவது நோய். ஒயில் குடித்த பாட்
தட்டைப் பிடிக்க முடியாமல் அழுகிறது.
அதைச் சொல்லவில்லை.
"சரி" என்றேன்.

கழற்றினால், யாரோ ஒரு கெட்டிக்காரன்
மோட்டார்சைக்கிள் டொட் ஒயிலை ஊற்றி வைத்திருக்கிறான்
மினரல் ஒயில் மட்டும் குடிக்கிற வாய்க்குள்.
ரப்பர் வளையமெல்லாம்
இரவு ஊறப்போட்ட கடலை.
பிஸ்டன் வெளியே வந்தால் வீடு திரும்பாது.

இனி இதை வைத்துக்கொண்டு மாரடிக்க ஏலாது.
போன வருசம் வந்த இன்னொரு கொன்டெய்னரில்
ஒரு செட் எடுத்து ஒளித்து வைத்திருந்தேன்,
நாலு பிஸ்டன், எனக்கென்று.
எனக்கு ஏது மலை.
முன்னுக்கு அதைப் பூட்டினேன்.
நூற்றி அறுபது தட்டை நூற்றி எண்பதாக்கினேன்.
பின்னுக்குப் புதுப் பாட். தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன்,
விரல் படாமல், விளிம்பில் பிடித்து.

சிரிஞ்சு வாங்கப் போனபோது
எதுக்கு என்று கேட்டார் பாமசி அஸ்மத்.
சைக்கிளுக்கு ஊசி என்றேன்.
சிரிக்கவில்லை.

ஒயில் நசுங்காது. காற்று நசுங்கும்.
என் தொழிலில் வேதம் இவ்வளவுதான்.
கீழிருந்து மெல்லத் தள்ளி
ஹோஸை ஸ்பானரால் தட்டத் தட்ட
மேலே கிண்ணத்தில்
ஒன்று, இரண்டு, கடுகளவில் நாலைந்து.
பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை.
ஃபேனை நிறுத்தினேன். கச்சான் காற்று ஓய்ந்திருந்தது.
சரி முடிந்தது என்று எழும்பும்போது
இன்னும் ஒன்று.
எப்போதும் இருக்கும் அந்தக் கடைசி ஒன்று,
பிடியின் மூலையில்,
நாம் அலுத்துப்போகும்வரை காத்துக்கொண்டு.

கடற்கரை வீதியில் இருபது தரம் ஓடி இருபது தரம் நின்றேன்,
பாட்டும் தட்டும் பழக.
நாய்கள் கூட வந்து, பிறகு களைத்து நின்றுவிட்டன.

மூன்றே முக்காலுக்குக் கோட்டை வாசலில்
ஆமிப் பொடியன் டோர்ச் அடித்தான்.
எனக்குச் சிங்களம் அரைகுறை.
"பிரேக்" என்றேன். அந்தச் சொல் அங்கும் அதுதான்.
விட்டான்.

மேலே போய்த் திரும்பி
விட்டேன் பாரம் முழுவதையும்.
வளைவு.
ஒரு விரலால் தொட்டேன், ஒன்றே ஒன்றால்.
நின்றது.
சத்தமில்லை.
சில்லுக்கும் மானின் வயிற்றுக்கும் இடையில் ஒரு முழம்.
அது எழும்பவில்லை.
ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்பி,
பிறகு அதுவும் போய்விட்டது.
சூடான தட்டு டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது.
கீழே கடல், கறுப்பு.

என் கையால் ஆன மிக நல்ல வேலை அது.
கை நடுங்கியது.

பழைய தட்டைக் கம்பியில் கோத்து
கூடைக்குக் கீழே தொங்கவிட்டேன்.
ஆட்டிப் பார்த்தாள் சுகிர்தமலர்.
"இது கோயில் மணி மாதிரியெல்லோ கிடக்கு.
மான் எழும்பாது, கும்பிடும்."
கழற்றி என் மேசையில் வைத்தாள்.
பிடியை அழுத்தினாள். கல்லைப் போல நின்றது.
இன்னொரு தரம் அழுத்தினாள்.
"கத்துறதை நான் பாத்துக்கொள்ளுறன்."

இப்போது நாலே முக்காலுக்கு,
காற்று இந்தப் பக்கம் வீசினால்,
கடையில் படுத்திருக்கிற எனக்குக் கேட்கும்
மலையிலிருந்து ஒரு பெண் குரல்,
ஒரே மூச்சில், வளைவு முடியும்வரை.
என்ன சொல்லிக் கத்துகிறாள் என்று கேட்டதில்லை.
செட்டுக் காசில் அறுநூறு ரூபா இன்னும் பாக்கி.
அதையும்.