முழங்கால் கடை

சோஃபியாவில் என் கடை நடைபாதைக்குக் கீழே.
சன்னல் தரையோடு தரையாக.
வருகிறவர்கள் குந்தித்தான் பேச வேண்டும்.
எனக்கு முதலில் தெரிவது காலணி,
பிறகு முட்டி,
கடைசியில்தான் முகம்.

பிப்ரவரி. உப்புக்கறை படிந்த பூட்ஸ் ஒன்று குந்தியது.
டாக்ஸி ஓட்டும் வெலிஸார்.
"செலரானா, பென்டியமா?
நாற்பது லெவா வித்தியாசம்.
அந்த நாற்பது எவ்வளவு தூரம் ஓடும், சொல்."

மேசையில் இரண்டு பலகைகளைப் பரப்பினேன்,
கூடில்லாமல், உடுப்பில்லாமல்.
இரண்டுக்கும் நெற்றியில் அதே எண்ணூறு மெகாஹெர்ட்ஸ்.
பையின் மதிப்பைப் பத்து லட்சம் இலக்கம்வரை போடச் சொல்லி
முட்டை வேகவைக்கும் கடிகாரத்தைத் தட்டினேன்.

பென்டியம், மூன்று நிமிடம் இருபது நொடி.
செலரான், நான்கு நிமிடம் ஒன்பது.
இடையில் கிடந்த நாற்பத்தொன்பது நொடியில்
அவர் ஒரு சிகரெட் பற்றவைத்தார்,
மேலே டிராம் போயிற்று,
டப்பாவுக்குள் என் திருகாணிகள்
நடுங்கி அடங்கின.

"இப்போது ஒரு கடிதம் அடியுங்கள்."
விசைப்பலகையைச் சன்னல் வழியே நீட்டினேன்.
ஒற்றை விரலால் மகள் பெயரைத் தேடினார்.
இ... ஸ்... க்...
எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே
இரண்டு சில்லும் கோடி கோடியாய்ச் சும்மா துடித்தன.
அந்த விரலுக்கு முன்னால்
முந்தியதும் பிந்தியதும்
ஒரே வரிசையில் காத்து நின்றன.

செலரானோடு போனார். மிச்சக் காசுக்கு ஸ்பார்க் பிளக்.

பத்தாம் நாள் அதே பூட்ஸ்.
"இஸ்க்ராவின் கார் பந்தயம்
வளைவுக்கு வளைவு திக்குகிறது."

அன்று சொல்லாமல் விட்டதைச் சொன்னேன்.
இரண்டும் ஒரே அச்சில் வார்த்த சிலிக்கான்.
ஒன்றுக்கு மட்டும் உள்நினைவில் பாதியை அடைத்து
மலிவுப் பெயர் வைத்துவிட்டார்கள்.
பக்கத்தில் வைத்துக்கொள்ள இடமில்லை,
உப்புக்கும் புளிக்கும்
தெருக்கோடிவரை போய் வருகிறது.
கால் அதே கால்தான். நடை அதிகம்.

"அடைத்த பாதியைத் திறக்க முடியாதா?"
"பூட்டென்று ஒன்று இருந்தால்தானே."

குந்தியபடியே உள்ளே எட்டிப் பார்த்தார்,
என் முதுகுக்குப் பின்னால் இருக்கும் செங்கல் சுவரை.
"இந்த நிலவறை இவ்வளவுதானா?"

அந்தப் பக்கமும் இதே அளவு இருக்கிறது.
வாடகை கட்டுப்படியாகாத வருடம் எழும்பிய சுவர்.
அதைச் சொல்லவில்லை.
அலமாரியிலிருந்து பென்டியத்தை எடுத்து
சட்டை முனையால் தூசி துடைத்தேன்.
"பழையதைக் கொண்டுவாருங்கள்.
மேலே இருபது போதும்."