தெரிந்த முகம்

சோஹார் துறைமுகச் சாலை, தொழிலாளர் கிளினிக்.
வெளியே நாற்பத்தேழு டிகிரி.
என் குளிர்பெட்டிக்குள் ஐந்து.
இரண்டுக்குக் கீழே போனாலும் குற்றம்,
எட்டைத் தாண்டினாலும் குற்றம்.
காலையும் மாலையும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

ஷட்டரிங் பலகையின் ஆணி
ஷூவைத் துளைத்து உள்ளங்காலில் ஏறியிருந்தது.
பெயர் கொம்பையா. ஓட்டப்பிடாரம் பக்கம்.
கடைசியாக டி.டி. போட்டது எப்போது?
"பத்தாவதுல, சிஸ்டர். வரிசையா நிக்க வச்சுப் போட்டாங்க."
இருபத்திரண்டு வருடம்.

துருவில் ஒன்றுமில்லை என்றேன், காயத்தைக் கழுவியபடி.
மண்ணில் உறங்கும் ஒரு கிருமி.
காற்றுப் புகாத ஆழம் கிடைத்தால்
விழித்து விஷம் காய்ச்சும்.
தாடை பூட்டிக்கொள்ளும்,
முதுகு வில்லாய் வளையும்.

"ஊசில என்ன இருக்கு?"
அதே விஷம்.

காலை இழுத்துக்கொண்டார்.

பயப்படாதீங்க, வாரக்கணக்கில்
ஃபார்மலினில் ஊறிய விஷம்.
இனி அதற்குக் கொல்லத் தெரியாது.
முகம் மட்டும் மாறாமல் இருக்கும்.
"பல்லுப் புடுங்கின பாம்பு."
ஆமாம். உங்க ரத்தம் அதை
நிஜப் பாம்பென்று நம்பி அடித்துப் பழகும்.

அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.
ஃபார்மலின் என்ற சொல்லிலேயே நின்றுவிட்டிருந்தார்.

போன ரமலானில் அறைக்கூட்டாளி மிக்கேல்
சாரத்திலிருந்து விழுந்து,
பதினோரு நாள் காகிதங்களுக்காகக் காத்திருந்து,
கார்கோவில் திருவனந்தபுரம் போனான்.
எம்பாமிங் சான்றிதழுக்காக
நாலு முறை அலைந்தவர் இவர்.

"அதே மருந்தா?"
அதேதான்.
"அவனையும் முகம் மாறாமத்தான் அனுப்புனாங்க."

எனக்குப் பதில் வரவில்லை.
குப்பியைக் குலுக்கினேன்.
அடியில் படிந்த வெண்மை
நீர்மோராய்க் கலங்கி எழுந்தது.
சட்டைக் கையை அவரே சுருட்டிவிட்டார்,
தோள்பட்டை வரை,
ஒரு பள்ளிக்கூடப் பையனைப் போல.

மறுநாள் வந்து நின்றார்.
தோள் வீங்கிவிட்டது, சுத்தியல் தூக்க முடியவில்லை,
ஃபோர்மேன் சீட்டுக் கேட்கிறார்.
தொட்டேன். அனலாய் இருந்தது.
உள்ளே ஏதோ ஒரு கிழட்டு அணு
இருபத்திரண்டு வருடம் சும்மா கிடந்தது
எழுந்து உட்கார்ந்திருக்கும்:
அட, இவனா!

ஒரு நாள் ஓய்வு என்று எழுதினேன்.
அட்டையில் அடுத்த தேதி போட்டேன்,
பத்து வருடம் தள்ளி.
பார்த்துவிட்டுச் சிரித்தார்.
"அதுவரைக்குமா இங்க கெடப்பேன்?"
சொன்னாரே ஒழிய
அட்டையை இரண்டாய் மடித்து
பத்தாக்காவுக்குப் பின்னால்
பத்திரமாகச் செருகிக்கொண்டார்.